ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு நிலம். சம்பா நட்டு இருபது நாள் ஆனதும் யூரியா மூட்டையைப் பிரிப்பார். அன்னக்கூடையில் அள்ளி, இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் வீசியபடி வயலுக்குள் நடப்பார். வெள்ளை மணிகள் தண்ணீரில் விழும் சத்தம் தூறல் போல இருக்கும். ஐந்தாறு நாளில் வயல் கருகருவென்று பச்சை கட்டிவிடும். சின்ன வயதில் எனக்கு அது மந்திரம் மாதிரித் தெரியும்.

விழுந்த மணிகள் கொஞ்ச நேரத்தில் கரைந்து கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. மறைந்தது எங்கே போனது? உரத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகிறது என்று யாராவது கேட்டால், இந்த ஒரு கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இன்று கடையில் கிடைக்கும் யூரியா மூட்டை 45 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். கணக்குப் போட்டால் ஒரு மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன். மீதி எல்லாம் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன். பயிர் அவற்றைக் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தானே எடுத்துக்கொள்ளும். நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த 20.7 கிலோவைத்தான்.

நைட்ரஜனுக்குத் தமிழில் விவசாயிகள் சொல்லும் பெயர் தழைச்சத்து. பாஸ்பரஸ் மணிச்சத்து. பொட்டாசியம் சாம்பல் சத்து. பள்ளிப் பாடத்தில் படிக்கும் பெயர்களைவிட இவை எனக்குப் பிடித்தவை, ஏனென்றால் பெயரிலேயே வேலை இருக்கிறது. தழைச்சத்து இலையையும் தூரையும் வளர்க்கும். மணிச்சத்து வேரை இறக்கி, கதிரில் மணி பிடிக்க உதவும். மூன்றாவது சத்து அடுப்புச் சாம்பலில் நிறைய இருந்ததால் வந்த பெயர். தண்டுக்கு உறுதியும் நோயைத் தாங்கும் வலுவும் தருவது அதுதான். மூன்றும் அளவோடு சேர்ந்தால்தான் விளைச்சல். ஒன்றைக் கொட்டிவிட்டு மற்றதை மறந்தால் கொட்டியதும் வீண்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். பயிர் அதற்குள்ளேயே நிற்கிறது, ஆனாலும் எடுத்துக்கொள்ள முடியாது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்து கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை மின்னல் உடைக்கும். சில பாக்டீரியாக்கள் உடைக்கும். 1909இல் ஜெர்மனியின் பிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் உடைத்துக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கினார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த வழியில் செய்த உரத்தை நம்பி இருக்கிறது. அதனால் ‘ரசாயன உரம் விஷம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. யூரியா நம் சிறுநீரிலும் மாட்டின் கோமியத்திலும் இருக்கும் அதே பொருள். ஆனால் ஆலையில் இதைத் தயாரிக்கப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைச் செலவழித்தாக வேண்டும். மூட்டை வயலுக்கு வரும் முன்பே அதன் பங்குக்குக் கரியமில வாயுவை விட்டுவிட்டுத்தான் வருகிறது.

சரி, வயலுக்கு வருவோம்.

நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம். நமது மூட்டையில் அது ஆறு முதல் எட்டு கிலோ. கொஞ்சம் மண்ணில் தங்கும். மீதி வயலை விட்டு வெளியேறிவிடுகிறது. வெளியேற அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி மேலே, காற்றுக்கு. காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறும் நெடி தெரியும் அல்லவா, அதுதான் அமோனியா. கோமியத்தில் உள்ள யூரியாவைத் தரையில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைப்பதால் வருவது. வயலிலும் அதேதான் நடக்கிறது, வெட்டவெளியாக இருப்பதால் நெடி தெரிவதில்லை. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் அது கரைந்து அமோனியமாக மாறுகிறது. அந்தத் தண்ணீரில் பாசி இருக்கும். பகல் வெயிலில் பாசி தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, தண்ணீரின் காரத்தன்மை உச்சி வேளையில் ஏறிவிடும். காரம் ஏறினால் அமோனியம் வாயுவாகிப் பறந்துவிடும். அதாவது மதிய வெயிலில், கெண்டைக்கால் தண்ணீரில், யூரியா வீசுவது இருப்பதிலேயே நட்டமான முறை. சித்தப்பா பல வருடம் அப்படித்தான் வீசினார், ஊரில் எல்லோரும் அப்படித்தான் வீசினார்கள். பறந்துபோன அமோனியா காற்றில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகும். பிறகு மழையோடு எங்கோ ஒரு குளத்திலோ காட்டிலோ இறங்கும்.

இரண்டாவது வழி கீழே. அமோனியத்தை மண்ணில் உள்ள இன்னொரு கூட்டம் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. களிமண் துகள்களுக்கு எதிர்மின் தன்மை உண்டு. அமோனியம் நேர்மின் கொண்டது, எனவே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டும் எதிர்மின் கொண்டது; மண் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் எங்கே இறங்குகிறதோ அங்கே கூடவே இறங்கும். டெல்டாவின் சேறு அடித்த களி நிலத்தில் இது குறைவு. மணற்பாங்கான நிலத்திலும், அடிக்கடி நீர் பாய்ச்சி நிறைய உரமிடும் காய்கறித் தோட்டங்களிலும் அதிகம். அது போய்ச் சேரும் இடம் கிணறு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து: ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும், உதடும் விரல் நுனியும் நீலம் பாயும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அளவு கூடவே செய்யும். கிணற்றில் நைட்ரேட் இருந்தால் எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போடவும் முடியாது. கழிவறைத் தொட்டியும் சாக்கடையும் கூட அதற்குக் காரணமாகும். நீரைப் பரிசோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

மூன்றாவது வழியும் காற்றுக்குத்தான், ஆனால் வேறு வாயுவாக. நீர் கட்டிய வயலில் மேல்மண்ணில் மெல்லிய ஒரு படலத்துக்கு மட்டும் ஆக்சிஜன் எட்டும். அதற்குக் கீழே இருக்கும் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. மேலே உருவான நைட்ரேட் கீழே இறங்கியதும், அங்கே மூச்சுக்குத் திணறும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. முழுதாகப் பிடுங்கினால் மிஞ்சுவது சாதாரண நைட்ரஜன் வாயு. அதனால் காற்றுக்குக் கெடுதல் இல்லை, நம் காசுக்குத்தான் கெடுதல். பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு. இது பூமியைச் சூடாக்கும் வாயு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, ஏறக்குறைய 270 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்யும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். வயல் மாறி மாறிக் காய்ந்து நனையும்போது இது அதிகம் வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், நீர் தேங்கிய சேற்றிலிருந்து வரும் மீத்தேன் என்ற இன்னொரு சூடாக்கும் வாயு குறையும், தண்ணீர் மிச்சம், பயிருக்கும் நல்லது, எல்லாம் உண்மை. ஆனால் அதைச் செய்யும்போது யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டிருந்தால் மீத்தேனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை நைட்ரஸ் ஆக்சைடில் விட்டுவிடுவோம்.

நான்காவது வழி பக்கவாட்டில், மடை வழியாக. உரம் போட்ட மறுநாள் ஐப்பசி மழை கொட்டினால் வரப்பு வழிந்து வடிகாலுக்கு ஓடும். வடிகால் ஆற்றில் சேரும். மன்னார்குடியைத் தொட்டு ஓடும் பாமணியாறு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் போய்க் கடலைச் சேர்கிறது. எங்கள் வயலில் வீசியது மீனும் இறாலும் குஞ்சு பொரிக்கும் இடத்துக்குப் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

குளம் பச்சையாவது ஏன்?

தண்ணீரில் சத்து சேர்ந்தால் என்ன கெடுதல், மீனுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். சத்து வந்ததும் முதலில் தின்று கொழுப்பது பாசியும் ஆகாயத் தாமரையும். குளத்தின் மேல் பச்சைப் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். வெளிச்சம் உள்ளே இறங்காது, அடியில் இருக்கும் செடிகள் சாகும். பாசியும் சில வாரங்களில் செத்து அடியில் போய் அழுகும். அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பாசி நிறைந்த குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. இதைத்தான் மிகையூட்டம் என்கிறார்கள். பட்டினியால் இல்லாமல், தீனி அதிகமாகிச் சாகும் குளம்.

இதில் எந்தச் சத்து முக்கியக் குற்றவாளி என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் ஒரு ஏரியையே சோதனைக் கூடமாக்கினார்கள். அதற்குப் பெயர் கூட இல்லை, 226ஆம் எண் ஏரி. அதன் இடுப்பு குறுகிய இடத்தில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். இன்னொரு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். சில வாரங்களில் பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது, மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. நன்னீர்க் குளங்களிலும் ஏரிகளிலும் பெரும்பாலும் கடிவாளம் பாஸ்பரஸ் கையில் இருக்கிறது என்பது அதில் தெளிவானது. கடலோரத்தில் நைட்ரஜனுக்கும் பெரிய பங்கு உண்டு.

பாஸ்பரஸ் நைட்ரேட் மாதிரிக் கரைந்து ஓடாது. மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் மண் அரித்துப் போகும் இடத்தில்தான் அதுவும் போகும். வரப்பு உடைந்து செம்மண் நிறத்தில் ஓடும் மழைத் தண்ணீரில் மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்த டிஏபி உரத்துக்குக் கொடுத்த காசு கலந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஈரி ஏரியின் மேற்குப் பக்கம் வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸால் பாசி பெருகி, 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரையே குடிக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பாசி வெளியிட்ட நச்சு கொதிக்க வைத்தாலும் போகாதது. லட்சக்கணக்கானோர் இரண்டு மூன்று நாள் புட்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

பயிருக்குள்ளேயே நடப்பது

தழைச்சத்து அதிகமானால் பயிரே மாறிவிடும். இலை அகலமாக, தளதளவென்று, சதைப்பற்றோடு வரும். பார்க்க அழகு. பூச்சிக்கும் நோய்க்கும் அது விருந்து. இலைச்சுருட்டுப்புழு வரும், புகையான் வரும், குலைநோய் வரும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவோம். பூச்சிமருந்துச் செலவில் ஒரு பங்கு உண்மையில் யூரியாவின் செலவு என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்புறம் தண்டு மென்மையாகிப் பயிர் உயர்ந்துவிடும். கதிர் முற்றும் சமயம் பார்த்து ஒரு காற்று மழை அடித்தால் பாய் விரித்தது போலச் சாய்ந்துவிடும். சாய்ந்த சம்பாவைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கட்டிய பெண்களின் முதுகுக்குத்தான் அதன் வலி தெரியும்.

மண்ணிலும் மாற்றம் நடக்கிறது. அமோனியம் நைட்ரேட்டாக மாறும் ஒவ்வொரு முறையும் மண்ணில் அமிலம் சேர்கிறது. சுண்ணாம்புச் சத்து உள்ள மண் தாங்கிக்கொள்ளும், செம்மண் சரளை தாங்காது. மூன்று சத்துகளை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் துத்தநாகம் போன்ற சின்னச் சத்துகள் வற்றிப்போகும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் நெல் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி தெரிவது பல இடங்களில் அதனால்தான். அதைப் பார்த்து யூரியா போதவில்லை என்று இன்னொரு கூடை வீசுகிறவர்கள் உண்டு.

ஏன் இப்படி வீசுகிறோம்? விவசாயிக்கு விவரம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். விலையைப் பாருங்கள். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம். டிஏபி 50 கிலோ மூட்டை 1350 ரூபாய். 2010இல் மத்திய அரசு சத்துக்கு ஏற்ப மானியம் என்ற முறையைக் கொண்டுவந்தபோது மற்ற உரங்கள் அதற்குள் வந்தன, யூரியா வரவில்லை. மற்றவற்றின் விலை ஏறியது, யூரியா அப்படியே நின்றது. கையில் காசு குறைவாக இருக்கும் ஒருவர் எதை வாங்குவார்? அதுவும் போட்டால் ஐந்து நாளில் பச்சை தெரியும் உரம். சாம்பல் சத்தின் பலன் அறுவடையில்தான் தெரியும். இந்தச் சாய்வுக்கு வயலில் நிற்பவரைவிட விலை நிர்ணயிப்பவர்களுக்கே பொறுப்பு அதிகம் என்பது என் கருத்து.

அதற்காக உரத்தை ஒரேயடியாக நிறுத்திவிட முடியுமா? இலங்கை 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்று அறிவிப்பு. மாற்று உரம் தயாராக இல்லை, விவசாயிகளுக்குப் பழக அவகாசம் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அரிசியில் தன்னிறைவாக இருந்த நாடு அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். வடக்கு, கிழக்கு மாகாணத் தமிழ் விவசாயிகளும் அந்தப் போகத்தில் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

எவ்வளவு, எப்போது, எப்படி

செய்ய முடிந்தவை இருக்கின்றன, பெரிய செலவில்லாமல். நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டாவுக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50 கிலோ. ஏக்கர் கணக்கில் தழைச்சத்து 60 கிலோ, அதாவது சுமார் மூன்று மூட்டை யூரியா. அடியுரமாக டிஏபி ஒரு மூட்டை போட்டிருந்தால் அதிலேயே ஒன்பது கிலோ தழைச்சத்து வந்துவிடும். யூரியாவில் அதைக் கழிக்க வேண்டும். இந்தக் கழித்தலைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

பொதுப் பரிந்துரையைவிட, மண் பரிசோதனை செய்து உங்கள் மண்ணையே கேட்பது நல்லது. மண் எடுப்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம், வாய்க்கால் ஓரம் எடுக்கக் கூடாது. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேலே இருக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, அந்தச் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. ஒரு மூலையில் அள்ளிய ஒரு பிடி மண்ணைக் கொடுத்து வாங்கும் மண்வள அட்டை உங்கள் வயலைப் பற்றி எதுவும் சொல்லாது.

போடும் விதத்தில் இரண்டு விஷயம். அளவைப் பிரித்துப் போடுங்கள்: நடவின்போது, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது. சின்னப் பயிருக்கு மொத்தமாகக் கொட்டினால் அதனால் தின்ன முடியாது, முன்பு சொன்ன நான்கு வழிகளும் திறந்துகொள்ளும். போடும் முன் தண்ணீரைச் சேறு மட்டத்துக்கு வடித்துவிட்டுப் போட்டு, பிறகு நீர் கட்டினால் சத்து மண்ணுக்குள் இறங்கும், பறப்பது குறையும். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு பங்கு, வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவதும் பழைய நல்ல முறை. வேம்பு, அமோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவைக் கொஞ்ச நாள் மந்தமாக்கி வைக்கும். 2015 முதல் இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது இதனாலும்தான். ஒட்டுப்பசை ஆலைகளுக்குக் கடத்துவதைத் தடுப்பது இன்னொரு காரணம்.

பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும்போது மடக்கி உழுதால் தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணும் பொலபொலப்பாகும். குறுவை அறுத்ததும் நடும் தாளடிக்கு முன்னால் இதற்கு நாள் இருக்காது, ஒரு போக சம்பா நிலத்தில் முடியும். சம்பா அறுக்கும் முன் தெளிக்கும் உளுந்தும் இதே வேலை செய்கிறது. ஒரு செடியைப் பக்குவமாகப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ஹேபர் நெருப்பும் அழுத்தமும் போட்டு உடைத்ததை அங்கே ஒரு பாக்டீரியா சத்தமில்லாமல் உடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யூரியா நிறைய இருக்கும் மண்ணில் அந்த முடிச்சுகள் குறைந்துவிடும். கிடைப்பது இருக்கும்போது செடி எதற்கு உழைக்கும்?

எனக்கு மிகவும் பிடித்தது இலை வண்ண அட்டை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் அட்டையில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலை பத்தை வெவ்வேறு குத்திலிருந்து எடுத்து, வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலை 4ஆம் எண் பச்சைக்குக் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த அளவு 3, ஏனென்றால் அதன் இலை இயல்பிலேயே வெளிறியது.

போன சம்பாவில் சித்தப்பாவிடம் இந்த அட்டையைக் கொடுத்தேன். “அட்டையப் பாத்தா பயிரு வளக்கறது?” என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டு இறங்கினார். முதுகை வெயிலுக்குக் காட்டிக் குனிந்து ஒவ்வோர் இலையாக வைத்துப் பார்த்தார். ஏழு இலை நான்கிலேயே இருந்தன. அன்று அன்னக்கூடை வரப்பிலேயே இருந்தது. அடுத்த வாரம் அவரே அட்டையை எடுத்துக்கொண்டு போனார், என்னைக் கூப்பிடவில்லை.